கேள்வி – பதில்: செனட்டர் பறந்தார், சிலை வைக்கலாமா?

போன இதழில் ஒரு மாணவி, "பதவியில் இருக்கும்போதே விண்வெளிக்குப் போய் வந்த அரசியல்வாதி யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தார். அமெரிக்காவில் மூன்று பேர் உண்டு: செனட்டர் ஜேக் கார்ன் (1985), காங்கிரஸ் உறுப்பினர் பில் நெல்சன் (1986), செனட்டர் ஜான் கிளென் (1998). ஆனால் மூன்று பேரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து மாலை போட முடியாது என்று பதில் எழுதினேன். அந்தக் கடைசி வரி பலருக்குப் பிடிக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி அறிவுரை. அதனால் இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ராக்கெட் வெடித்தால் இவர் செனட்டர், இவர் விஞ்ஞானி என்று ஆள் பார்த்தா வெடிக்கும்? உயிரைப் பணயம் வைத்தவர் யாராக இருந்தாலும் மரியாதை கொடுப்பதுதானே முறை? உங்களுக்கு அரசியல்வாதி என்றாலே இளக்காரம்." – வாசகர், மதுரை

இளக்காரமெல்லாம் இல்லை. ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, இன்னும் சொல்லப்போனால் நெல்சன் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே சரி. அவர் போன கொலம்பியா விண்வெளி ஓடம் 1985 டிசம்பரிலேயே கிளம்பியிருக்க வேண்டியது, தள்ளித் தள்ளிப் போய் 1986 ஜனவரி 12 அன்றுதான் கிளம்பியது. நடுவில் ஜனவரி 6 அன்று, புறப்பட 31 விநாடி இருக்கும்போது கவுன்ட் டவுனை நிறுத்தினார்கள். ஏனென்றால் இரவு ஷிப்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து களைத்துப்போன ஊழியர்களின் கவனப்பிசகால், டாங்கியில் இருந்த திரவ ஆக்சிஜன் ஆயிரக்கணக்கான பவுண்டு கணக்கில் வெளியே வடிந்துவிட்டிருந்தது. அப்படியே கிளப்பியிருந்தால் கதை வேறு. உள்ளே நெல்சனும்தான் பெல்ட் போட்டு மல்லாந்து படுத்திருந்தார். குழுவில் இருந்த ஸ்டீவன் ஹாலி, தன் ராசிதான் இப்படித் தள்ளிப்போக வைக்கிறது, ஆள் யாரென்று ஓடத்துக்குத் தெரியாமல் இருந்தால் கிளம்பிவிடும் என்று, கடைசியில் பொம்மை மூக்கும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஏறினார். அன்றைக்குத்தான் அது கிளம்பியது!

ஆக, தைரியத்தைப் பற்றிச் சண்டையே இல்லை. அந்த சீட் எப்படிக் கிடைத்தது என்பதில்தான் எனக்கு முட்டுகிறது. கார்ன், செனட்டில் நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் துணைக்குழுவின் தலைவர். என்னை எப்போது அனுப்புவீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நாசா தலைவராக இருந்த ஜேம்ஸ் பெக்ஸும் ஒருநாள் அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டார். நெல்சன், பிரதிநிதிகள் சபையில் விண்வெளித் துணைக்குழுவுக்குத் தலைவர். ராக்கெட் ஏவுகிற கென்னடி மையமே அவர் தொகுதியில்தான் இருந்தது. பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிற கை "எனக்கும் ஒரு சீட்" என்று நீளும்போது, எந்த அதிகாரி முடியாது என்று சொல்வார்?

அந்த சீட் சும்மா காலியாகவும் இருக்கவில்லை. கிரகரி ஜார்விஸ் என்று ஒரு பொறியாளர், ஹியூஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர், செயற்கைக்கோள் செய்கிற ஆள். 1985 ஏப்ரல் பயணத்தில் அவர் போவதாக இருந்தது. கார்ன் வந்தார், ஜார்விஸ் இறங்கினார். பிறகு 1986 ஜனவரியில் கொலம்பியாவில் இடம் போட்டார்கள். நெல்சன் வந்தார், ஜார்விஸ் மறுபடியும் இறங்கினார். மூன்றாவதாக அவருக்குக் கொடுத்த இடம் சேலஞ்சரில். கொலம்பியா தரையிறங்கிய பத்தாம் நாள், 1986 ஜனவரி 28, புறப்பட்ட 73 விநாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேரும் போனார்கள்.

உயிரைப் பணயம் வைத்ததற்கு மரியாதை என்றால், வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் ஜார்விஸ். அவர் பெயரை உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

"அப்படியானால் ஜார்விஸ் சாவுக்கு இந்த இரண்டு பேர்தான் காரணம் என்கிறீர்களா? அபாண்டம்." – வாசகி, திருச்சி

சத்தியமாக இல்லை. சேலஞ்சர் சிதறக் காரணம், வலது பக்க திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய் அடைக்காமல் விட்டது. குளிரில் ஏவாதீர்கள் என்று முந்தின இரவே பொறியாளர்கள் எச்சரித்தும் மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. இதில் கார்னுக்கோ நெல்சனுக்கோ கடுகளவும் பங்கு இல்லை. ஜார்விஸை எந்தப் பயணத்துக்கு மாற்றினாலும் இப்படி ஆகும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவும் முடியாது. நான் சொன்னது சீட்டைப் பற்றி மட்டும். வேலைக்காகப் போகிறவரின் முறை, பதவியில் இருப்பவருக்காக இரண்டு தடவை தள்ளிப்போனது. ஜனவரி 28 சாதாரணமாக முடிந்திருந்தாலும் அது தப்புதான்.

"கார்ன் விண்வெளியில் என்னதான் செய்தார்? வாந்தி எடுத்ததைத் தவிர?" – வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கிண்டல் அவர் திரும்பி வந்த நாளில் இருந்தே ஓடுகிறது. எடையில்லாத நிலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தலைசுற்றும், குமட்டும். கார்னுக்கு அது மிக மோசமாக வந்தது. எவ்வளவு என்றால், நாசா ஆட்களுக்குள் விண்வெளி வாந்திக்கு "கார்ன் அளவுகோல்" என்றே ஒன்று வேடிக்கையாகப் புழங்க ஆரம்பித்தது. உச்சபட்சம் ஒரு கார்ன். மற்றவர்களுக்கெல்லாம் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது என்பார்கள்.

ஆனால் நியாயமாகப் பேசுவோம். மேலே அவருக்குக் கொடுத்த வேலையே உடல்நிலைச் சோதனைதான், அதற்குத் தன் உடம்பைக் கொடுத்தார், உடம்பும் வஞ்சனையில்லாமல் ஒத்துழைத்தது. வெறும் கரை வேட்டி அரசியல்வாதியும் இல்லை அவர். கடற்படை விமானி, பிறகு விமானப்படையின் தேசியக் காவல் பிரிவில் இருந்தவர், பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். பயணமும் உல்லாசப் பயணமாக அமையவில்லை. வெளியே விட்ட ஒரு செயற்கைக்கோள் உயிர் பெறவில்லை. அதன் பக்கவாட்டில் இருந்த சிறு நெம்புகோலைத் தட்டிவிட்டால் வேலை செய்யுமோ என்று, உள்ளே கிடந்த பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி ஒட்டி ஈ அடிக்கிற மட்டை மாதிரி ஒன்று செய்தார்கள். திட்டத்திலேயே இல்லாத விண்நடை போய் அதை இயந்திரக் கையில் கட்டினார்கள். மட்டை போய் நெம்புகோலைத் தொட்டது, செயற்கைக்கோள் அசையவில்லை. பல மாதம் கழித்து இன்னொரு ஓடம் போய்த்தான் அதைச் சரி செய்தது. கார்ன் குழு தரையிறங்கும்போது ஒரு டயரும் வெடித்தது.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு உறுத்துவது வேறு. ஹூஸ்டனில் விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுக்கிற சிமுலேட்டர் கட்டடத்துக்கு கார்ன் பெயரை வைத்தார்கள். அங்கே வருஷக்கணக்கில் பழகிவிட்டுத் தன் முறைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், சில மாதப் பயிற்சியோடு ஏறிப்போனவரின் பெயர் வாசலில் இருக்கிறது. பணம் ஒதுக்கிக் கொடுத்ததற்காக என்று சொல்லி வைத்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். ஜனாதிபதிகள் கென்னடி, ஜான்சன் இரண்டு பேருமே பறக்கவில்லை, அவர்கள் பெயரில் மையங்கள் இருக்கின்றன, யாரும் குறை சொல்வதில்லை. செய்த வேலைக்குப் பெயர் வைத்தார்கள், முடிந்தது. இங்கே இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

"கிளென் மட்டும் என்ன உசத்தி? 77 வயதில் செனட்டராக இருந்துகொண்டு போனாரே, அது சலுகை இல்லையா? கிளின்டனுக்காகக் கட்சி வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு என்று அப்போதே பேசினார்களே." – வாசகர், சிங்கப்பூர்

பேசினார்கள், தெரியும். 1998 பயணத்தைப் பற்றி எனக்கும் சந்தேகம் உண்டு. வயதானால் உடம்பில் ஏற்படும் மாற்றமும் எடையில்லாத நிலையில் ஏற்படும் மாற்றமும் ஒத்துப்போகின்றன (எலும்பு தேய்வது, தசை குறைவது, தூக்கம் கெடுவது), அதனால் ஒரு முதியவரை அனுப்பிப் பார்ப்போம் என்பது அவர் வைத்த வாதம். வாதம் தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று விஞ்ஞானிகள் கேட்டதும் தப்பில்லை. போதாக்குறைக்கு, தூக்கத்துக்கான மெலடோனின் மருந்துச் சோதனையில் இருந்து மருத்துவக் காரணத்தால் அவரைக் கழற்றிவிட்டார்கள். மற்றபடி மனிதர் ஒன்பது நாளும் ரத்தம் கொடுத்தார், உடல் வெப்பம் அளக்கிற மாத்திரையை விழுங்கினார், தலையெல்லாம் ஒயரை ஒட்டிக்கொண்டு தூங்கினார். ஓசியில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் கிளென் கணக்கே வேறு. அவர் 1962 பிப்ரவரி 20 அன்று பறந்தபோது எந்தத் துணைக்குழுவும் அவர் கையில் இல்லை. மரைன் படை விமானி. அவர் ஏறிய அட்லஸ் ராக்கெட் சோதனையில் வெடித்து வெடித்துப் பெயர் வாங்கியிருந்த ராக்கெட். பூமியை மூன்று சுற்று சுற்றினார். இரண்டாவது சுற்றிலிருந்தே, விண்கலத்தின் வெப்பக் கவசம் கழன்றிருக்கலாம் என்று தரையில் உள்ளவர்களுக்குக் கவலை. அந்தக் கவசத்தைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று, கழற்றிவிட வேண்டிய சிறு ராக்கெட் பொதியைக் கழற்றாமலே இறங்கச் சொன்னார்கள். அது எரிந்து துண்டு துண்டாக ஜன்னல் ஓரம் பறப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் இறங்கினார். கவசம் சரியாகத்தான் இருந்தது, சிக்னல்தான் பொய் என்று பிறகு தெரிந்தது. அரசியல் எல்லாம் இதற்குப் பிறகு: 1974இல் செனட்டுக்கு ஜெயித்தார், 1984இல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று தோற்றார். பறந்ததால் அரசியல்வாதி ஆனவர் ஒரு ரகம், அரசியல்வாதியாக இருந்ததால் பறந்தவர் ஒரு ரகம். கிளென் இரண்டாவது ரகத்தையும் கடைசியில் ஒரு கை பார்த்துவிட்டார், அதுதான் உங்களுக்குக் கோபம் என்று நினைக்கிறேன். எனக்கும் லேசாக உண்டு.

அவர் பெயரை வைத்ததில் ஒரு இடத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஓஹாயோவின் கிளீவ்லாந்தில் நாசாவின் லூயிஸ் ஆராய்ச்சி மையம் இருந்தது. ஜார்ஜ் லூயிஸ், நாசாவுக்கு முன்னோடியான நாகா அமைப்பின் ஆராய்ச்சியை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவர். 1999இல் மையத்துக்கு கிளென் பெயர் வந்தது, "லூயிஸ் திடலில் உள்ள ஜான் கிளென் ஆராய்ச்சி மையம்" என்று லூயிஸைத் திடலுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவரைத் திண்ணைக்கு மாற்றிய மாதிரி. கொலம்பஸ் விமான நிலையத்துக்கு 2016இல் கிளென் பெயர் வைத்தது பற்றி ஒரு புகாரும் இல்லை, அங்கே யாரையும் எழுப்பிவிட்டு உட்காரவில்லை.

"நெல்சனையும் கார்னையும் அமெரிக்க விண்வெளி வீரர் புகழரங்கில் சேர்த்திருக்கிறார்களா, இல்லையா? ஒரே வரியில் சொல்லவும்." – வாசகர், கோவை

இல்லை. நாசாவில் முழுப் பயிற்சி பெற்ற கமாண்டர், பைலட், மிஷன் ஸ்பெஷலிஸ்ட் ஆகியோருக்குத்தான் அங்கே இடம், இவர்கள் போனது பேலோடு ஸ்பெஷலிஸ்ட் என்கிற விருந்தாளி வகையில். கிளென் 1990இல், முதல் அணியிலேயே சேர்ந்துவிட்டார். (மூன்று வரி ஆகிவிட்டது.)

"விருந்தாளி என்று மட்டம் தட்டுகிறீர்கள். அந்த விருந்தாளி நெல்சன்தான் பின்னாளில் நாசாவுக்கே தலைவரானார். அவர் பறந்ததால்தானே அந்தத் துறை மேல் அவ்வளவு பிடிப்பு வந்தது? அதற்காகவாவது கௌரவிக்கக் கூடாதா?" – வாசகி, சென்னை

வந்த கடிதங்களிலேயே இதுதான் சரியான அடி. நெல்சன் பயணத்தில் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் புரதப் படிகம் வளர்க்கும் ஒரு சோதனையைப் பார்த்துக்கொண்டார், அலபாமா பல்கலைக்கழகம் கொடுத்தனுப்பியது. அந்தப் பயணமே அப்படித்தான், ஹாலி வால்நட்சத்திரத்தைப் படமெடுக்கக் கொண்டுபோன கேமராகூட பேட்டரிக் கோளாறால் வேலை செய்யவில்லை. ஆனால் அதற்கப்புறமும் மனிதர் அந்தத் துறையை விடவில்லை. 2010இல் நாசா சட்டத்தைக் கொண்டுவந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு. இன்றைக்கு நிலாவுக்குப் போகும் எஸ்.எல்.எஸ். ராக்கெட் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். செனட் சொன்னதால் செய்த ராக்கெட் என்று அதைக் கிண்டல் செய்கிறவர்களும் உண்டு, செலவைப் பார்த்தால் கிண்டலில் நியாயமும் உண்டு. 2021 மே மாதம் நாசா தலைவராகப் பதவியேற்றார். அவர் காலத்தில்தான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மேலே போனது, நாசாவின் நிலாத் திட்டமான ஆர்ட்டெமிஸின் முதல் பயணமும் நிலாவைச் சுற்றி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. டிரம்ப் முதல் ஆட்சியில் ஜிம் பிரைடன்ஸ்டைன் என்ற காங்கிரஸ் உறுப்பினரை நாசா தலைவராக நியமித்தபோது, அரசியல்வாதி கூடாது, விண்வெளித் துறை ஆள்தான் வேண்டும் என்று செனட்டில் கடுமையாக எதிர்த்தவர் இதே நெல்சன். மூன்று வருஷத்தில் அதே நாற்காலியில் தானே உட்கார்ந்தார். நான் பறந்தவனாக்கும் என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆறு நாள் பறந்ததை வைத்து அப்படிச் சொன்னால், அவருக்கு முன்னால் நாசா தலைவராக இருந்த சார்லஸ் போல்டன் சிரிப்பார். 1986இல் அதே கொலம்பியாவில் பைலட் சீட்டில் இருந்தவர் போல்டன்! ஏழு பேர் பறந்த ஒரே ஓடத்தில் இருந்து நாசாவுக்கு இரண்டு தலைவர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கௌரவிக்கலாம், தாராளமாக. சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும். பறந்ததற்கு வேண்டாம்.

"விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலன்டினா தெரஷ்கோவா பற்றி ஏன் மூச்சே விடவில்லை? அவரும் அரசியல்வாதிதானே. புடினுக்காகப் பேசியவருக்கு இன்னும் எதற்கு மரியாதை?" – வாசகர், டொரன்டோ

போன தடவை கேள்வி பதவியில் இருந்தபடி பறந்தவர்களைப் பற்றி, அதனால் அவர் வரவில்லை. 2020 மார்ச்சில் ரஷ்ய நாடாளுமன்றத்தில் எழுந்து, புடினின் பதவிக்கால வரம்பை மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து எண்ணலாம் என்று திருத்தம் முன்மொழிந்தவர் அவர்தான். அவர் வாயால் சொன்னதற்குக் கிடைத்த கனம், வேறொரு உறுப்பினர் சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது. அதற்காகத்தான் அவரை எழுப்பிவிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ரஷ்யாவிலேயே பலர் அவரைத் திட்டினார்கள்.

ஆனால் 1963இல் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி, 26 வயதுப் பெண், தன்னந்தனியாக மூன்று நாள் கிட்டத்தட்ட 48 சுற்று சுற்றினார். அதுவரை பறந்த அமெரிக்கர்கள் எல்லோருடைய நேரத்தையும் கூட்டினாலும் அவருடையதுதான் அதிகம். அடுத்த பெண் போக 19 வருஷம் ஆனது. இதை அந்தத் திருத்தம் அழிக்காது. அந்தப் பயணத்தைக் காட்டி இந்தத் திருத்தத்தை நியாயப்படுத்தவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் அவர் படம் இருக்கட்டும். இன்றைக்கு அவரை மேடையேற்றி விருது கொடுக்கிறார்களா, அங்கே நான் கைதட்ட மாட்டேன்.

"நம் நாட்டில் எம்.பி. யாரும் போகவில்லையே ஏன்?" – வாசகர், வேலூர்

கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறது. 1984இல் ராகேஷ் ஷர்மா விமானப்படை பைலட்டாகப் போனார். அவருக்கு அசோக சக்ரா கொடுத்தபோது கூடவே போன சோவியத் வீரர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதுதான் அழகு. 2023இல் நெல்சன் இந்தியா வந்தபோது பெங்களூருவில் ஷர்மாவைச் சந்தித்துவிட்டுத்தான் போனார்.

"பறந்த அரசியல்வாதி யாருக்காவது சிலை இருக்கிறதா என்பதுதான் அசல் கேள்வி. சுற்றி வளைத்துவிட்டு அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்காதீர்கள்." – வாசகர், நாகர்கோவில்

இருக்கிறது, அதுவும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலேயே. ஒவ்வொரு மாநிலமும் அங்கே இரண்டு சிலை வைத்துக்கொள்ளலாம். கொலராடோ வைத்திருப்பதில் ஒன்று ஜாக் ஸ்விகர்ட் உடையது. 1970இல் அப்போலோ 13இல் போனவர். அவருக்கும் சீட் கடைசி நேரத்தில்தான் கிடைத்தது, ஆனால் நேர் எதிர் வழியில்: கென் மேட்டிங்லிக்கு ஜெர்மன் அம்மை தொற்றியிருக்கலாம் என்ற பயத்தில், புறப்படச் சில நாள் இருக்கும்போது மாற்று வீரரான இவரை ஏற்றினார்கள். போகும் வழியில் ஆக்சிஜன் டாங்கி வெடித்ததும் உயிரோடு திரும்பியதும் ஊரறிந்த கதை. 1982 நவம்பரில் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார், டிசம்பரில் புற்றுநோயில் இறந்துவிட்டார், பதவியேற்கவே இல்லை. அதே 1982 தேர்தலில்தான் நிலாவில் நடந்த ஹாரிசன் ஷ்மிட் நியூ மெக்சிகோவில் செனட் பதவியை இழந்தார், "இந்தப் பூமியில் உங்களுக்காக சமீபத்தில் என்ன செய்தார்?" என்று எதிராளி கேட்ட ஒரே கேள்வி அவரைப் படுத்தி எடுத்துவிட்டது.

ஸ்விகர்ட் சிலைக்குக் கோட்டு சூட்டு போடவில்லை, விண்வெளி உடையில், கையில் ஹெல்மெட்டோடு நிற்கிறார். அரசியல்வாதிக் கணக்கில் சேர்ப்பதா, விண்வெளி வீரர் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்டு அடுத்த வாரம் யாரும் எழுத வேண்டாம், சினிமாக் கேள்விகள் நிறையத் தேங்கிவிட்டன.